ஒரு ஜில்லா போர்டு தலைவரைத் தேடி

வெள்ளி: மதுரை, வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி

ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் வாழ்ந்த, வேலை பார்த்த ஊர்களை வரிசையாகப் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருக்கிறேன். தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன். நீதிக்கட்சிக்காரர், சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினர், ராமநாதபுரம் ஜில்லா போர்டு (அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) தலைவர், முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர். பிறந்தது 1893, மறைந்தது 1953. திராவிட இயக்க வரலாறு படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். ஆனால் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் மாநாட்டை ஒரு வரி சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ அவர் ஜில்லா போர்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த 1928 முதல் 1930 வரையிலான காலம்தான் அவர் வாழ்க்கையிலேயே பெரியதாகப் படுகிறது. காரணத்தை விருதுநகர் போனபிறகு எழுதுகிறேன்.

மதுரையில் இறங்கியதும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள், வரிசை நகரவே இல்லை. அந்த வரிசையில் நின்றபடி யோசித்துக்கொண்டிருந்தது 1939 ஜூலை 8-ஐப் பற்றி. அன்றைக்குத்தான் மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் போனார். ஐவரில் ஒருவர் கக்கன். ஆலயப் பிரவேசம் என்றால் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்தது மட்டுமே நினைவுக்கு வருகிறது, ஆறாவது ஆள் எதற்கு என்று பலரும் கேட்பதில்லை. நாடார்களுக்கும் அதுவரை இங்கே அனுமதி கிடையாது. சௌந்தரபாண்டியனாரும் நாடார்தான், 1920-லேயே சட்டசபைக்குப் போய்விட்டவர். மந்திரிகளுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் எதிரே உட்கார்ந்து பேசியவர். சொந்த ஜில்லாவின் பெரிய கோயிலுக்குள் அவர் சமூகத்து ஆள் ஒருவர் கால் வைக்க அதற்கப்புறமும் 19 வருஷம் ஆகியிருக்கிறது.

இதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு, அது தெரியாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டு, ஹைகோர்ட்டு என்று போய் 1908-ல் அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு நடந்து, கடைசியில் நாடார்கள் தோற்றார்கள். நடுவில் 1899 ஜூனில் சிவகாசிக் கொள்ளை. நாடார்களை எதிர்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து ஊரைச் சூறையாடினார்கள். அப்போது சௌந்தரபாண்டியனாருக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வந்தபோது பதினான்கு. வீட்டில் பெரியவர்கள் வேறு எதைப் பேசியிருப்பார்கள்?

ஆரப்பாளையத்தில் வத்தலக்குண்டு பஸ் பிடித்தேன். நிலக்கோட்டையில் மல்லிகைச் சாக்கு ஏற்றினார்கள், வண்டி முழுக்க வாசனை. வத்தலக்குண்டில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் சௌந்தரபாண்டியனாரின் சொந்த ஊரான பட்டிவீரன்பட்டி. மேற்கே பழனிமலைத் தொடர் சுவர் எழுப்பிய மாதிரி நிற்கிறது, அடிவாரம் முழுக்கத் தென்னந்தோப்பு. காப்பிக்குப் பேர்போன ஊர் இது. மலையில் விளைகிற காப்பி இறங்கி வந்து தோல் நீக்கி, தரம் பிரித்து, மூட்டையாகி வெளியே போவது இங்கிருந்துதான்.

ஒரு களத்தில் காப்பிக் கொட்டை காயப்போட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரை, அதில் ஒரு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, ஓர் அம்மா மரப்பலகை வைத்த நீளக் கம்பால் கிளறிக்கொண்டே போனார். பின்னாலேயே வரிவரியாகக் கோடு விழுகிறது. மேல்தோலோடு காய்கிற கொட்டை வெளிர் மஞ்சளாக இருக்கும். இரண்டு கொட்டையை எடுத்துக் கையில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். தோல் நொறுங்கி உள்ளே பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் பருப்பு. மோந்து பார்த்தால் காப்பி வாசனையே இல்லை, புல் வாசனைதான் அடிக்கிறது. “வறுத்தாத்தான்யா வாசம் வரும்” என்றார்.

டீக்கடையில் ஒரு பெரியவரிடம் சௌந்தரபாண்டியனாரைப் பற்றிக் கேட்டேன். கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்கப்பா சொல்லுவாரு தம்பி, அவரு முன்னாடி யாரும் கைகட்டி நிக்கக் கூடாதாம். நின்னா கோவம் வந்துரும். உக்காரு, உக்காந்து பேசுன்னு சொல்லுவாராம்.” இதை ஏட்டில் பார்த்ததில்லை, அதனால் அவர் சொன்னதாகவே பதிந்து வைக்கிறேன்.

சனி: தாண்டிக்குடி

காலை முதல் பஸ். சித்தரேவு தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கிறது. பெரும்பாறை வரைக்கும் வளைவுகள்தான், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம். இடையில் எல்லாம் நிழல் மரத்துக்குக் கீழே காப்பி, மரத்தில் மிளகுக்கொடி, ஓரத்தில் மலைவாழை. ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சுக்கும் இந்த மலை பேர் வாங்கியது, நோய் வந்து அழிந்துபோயிற்று.

சௌந்தரபாண்டியனாரின் குடும்பம் காப்பித் தோட்ட முதலாளிகள். இதை எழுதுவதற்குத்தான் இங்கே ஏறி வந்தேன். அவருடைய அரசியலுக்கு அடியில் இருந்தது இந்த மலைப் பணம். 1920-ல் நடந்த தேர்தலில் ஓட்டுப்போட சொத்து வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும். அப்படி வந்த சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஜமீன்தார்கள், மிராசுதார்கள், வக்கீல்கள். நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது, கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார், அப்புறம் பனகல் அரசர். நியமன உறுப்பினராக உள்ளே வந்த பட்டிவீரன்பட்டிக்காரருக்கு வயது 27. யாரிடமும் கைநீட்ட வேண்டிய நிலை அவருக்கு இல்லை. பிற்காலத்தில் பஸ் முதலாளிகளை எதிர்த்து நின்றபோது (அந்தக் கதையை நாளைக்குச் சொல்கிறேன்) அந்தத் தைரியத்தில் ஒரு பங்கு இந்தத் தோட்டத்திலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பழம் பறிக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் செடிக்குச் செடி நகர்கிறார்கள். சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுக்க வேண்டும், காயைத் தொடக்கூடாது, ஆகவே ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வருகிறார்கள். கீழே அட்டை, மேலே பனிநீர். அந்த வேலை அன்றைக்கும் இப்படித்தான் நடந்திருக்கும். நீதிக்கட்சியைப் பணக்காரர் கட்சி என்று சொல்கிறவர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. சௌந்தரபாண்டியனார் தோட்ட முதலாளிதான். அந்த வசதியை எந்தப் பக்கம் திருப்பினார் என்பதை வைத்து நான் அவரை எடைபோடுகிறேன்.

மதியம் வரைக்கும் மூடுபனி கலையவில்லை. தாண்டிக்குடியைச் சுற்றி உள்ள கல்திட்டைகளைப் பார்க்க ஆசை, நேரம் இல்லாமல் இறங்கிவிட்டேன். ராத்திரி மதுரை வந்து படுத்தாயிற்று. நாளைக்கு விருதுநகர்.

ஞாயிறு: விருதுநகர், சிவகாசி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராமநாதபுரம் ஜில்லா என்றால் என்ன என்பது. 1910-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து உண்டாக்கியது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகங்கை, திருப்பத்தூர், பரமக்குடி, முதுகுளத்தூர் எல்லாம் அதற்குள்தான். 1985-ல் மூன்றாகப் பிரிந்து விருதுநகரும் சிவகங்கையும் தனி மாவட்டம் ஆயின. இவ்வளவு பெரிய வறண்ட பூமியில் ஜில்லா போர்டின் கையில் என்ன இருந்தது? சாலை, பாலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாவடி, கிணறு. ஒரு குடியானவனின் அன்றாடத்தைத் தொடுகிற எல்லாமே போர்டிடம்தான். சட்டசபையில் பேசுவது பத்திரிகையில் வரும். போர்டு எடுக்கிற முடிவு அடுத்த வாரமே தெருவுக்கு வந்துவிடும்.

அப்புறம் மோட்டார் பஸ். 1920-களில் இந்தப் பக்கம் தனியார் பஸ்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. போர்டுச் சாலையில் பஸ் ஓட்ட போர்டின் லைசென்ஸ் வேண்டும். பல கம்பெனிகள் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டார்கள். ஏற்ற மாட்டோம் என்பதை டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். காசு கொடுக்கத் தயாராக ஒரு ஆள் வெயிலில் நிற்கிறார், பஸ்ஸில் இடமும் இருக்கிறது, ஆனால் வண்டி நிற்காது. நின்றாலும் ஏற்ற மாட்டார்கள்.

1924-லேயே சென்னைச் சட்டசபையில் தாழ்த்தப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலை, பொதுக்கிணறு, சந்தை, அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசாணையும் வந்துவிட்டது. தீர்மானம் நிறைவேறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தவர்களே அதிகம். ஆனால் சாலையில் நடக்கலாம் என்று சொன்னவர்கள், அதே சாலையில் ஓடுகிற பஸ்ஸில் ஏற விடவில்லையே. பஸ் என் சொத்து, யாரை ஏற்றுவது என்பது என் இஷ்டம் என்று முதலாளி சொன்னால் அந்த ஆணையை வைத்து என்ன செய்வது?

சௌந்தரபாண்டியனார் லைசென்ஸைப் பிடித்தார். எல்லோரையும் ஏற்ற வேண்டும், மறுத்தால் லைசென்ஸ் ரத்து, டிக்கெட்டில் அப்படி அச்சடிக்கவும் கூடாது என்று போர்டு தலைவராக உத்தரவு போட்டார். வண்டி உன்னுடையதாக இருக்கலாம், ஓடுவது ஊராருடைய ரோட்டில் என்பதுதான் அதன் சாரம். இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படவில்லை, கவர்னர் கையெழுத்தும் தேவைப்படவில்லை. கையில் ஏற்கெனவே இருந்த ஒரு சின்ன அதிகாரத்தை எந்த இடத்தில் வைத்து அழுத்தினால் முதலாளி அசைவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தேர்தலில் ஜெயித்து உள்ளாட்சிப் பதவிக்கு வருகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். எனக்கு அதிகாரம் இல்லை, மேலிடம் சொல்லவில்லை என்கிற பேச்சை எத்தனை தலைவர்களிடம் கேட்டிருக்கிறோம்.

விருதுநகர் பழைய கடைத்தெருவில் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதிக் கடை மூடியிருந்தாலும் மிளகாய் வத்தல் நெடி மட்டும் மூடவில்லை, இரண்டு தெரு தள்ளியே தும்மல் வந்துவிட்டது. இந்த ஊர் வியாபாரிகள் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை எடுத்து உறவின்முறை என்கிற தங்கள் சமூக அமைப்பின் பொதுநிதியில் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலை வந்தது. காமராசர் படித்த பள்ளி அதுதான். வேறு யாரும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், தாங்களே பள்ளி கட்டி, தாங்களே கிணறு வெட்டி, 1921-ல் தூத்துக்குடியில் தங்களுக்கென்று வங்கியும் தொடங்கிக்கொண்ட சமூகம். இப்போது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்கிறோமே, அதேதான்.

இங்கேதான் சௌந்தரபாண்டியனாரின் சிக்கல் தொடங்குகிறது. அவர் நாடார் மகாஜன சங்கத்தின் பெரிய தலைவர்களில் ஒருவர். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட வலி அந்தச் சமூகத்துக்குத் தெரியும். ஆனாலும் தங்களுக்குக் கீழே இருப்பவர் என்று நினைத்த ஒருவரை அதே மாதிரி நிறுத்துவதற்கு அந்த வலி தடையாக இருக்கவில்லை. எல்லாச் சாதியிலும் நடந்ததுதான் இது. சொந்தக்காரர்களிடம் போய், நமக்குச் செய்தது கொடுமை என்றால் நாம் செய்வதும் கொடுமைதான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசுவதைவிட, கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற சொந்தக்காரரிடம் இதைச் சொல்வது கஷ்டம். அவர் சொன்னார்.

மதியம் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு சிவகாசி பஸ் ஏறினேன். கண்டக்டர் இளைஞர். எனக்கு முன்னால் ஒரு பாட்டி வெற்றிலைப் பையைத் துழாவிக்கொண்டே ஏறினார். “பாட்டி, ஒங்களுக்குக் காசு கெடையாது, அந்த சீட்டுல உக்காருங்க” என்று மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். பாட்டி அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் என்ன சாதி என்று கண்டக்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, வண்டியில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சௌந்தரபாண்டியனார் போட்ட உத்தரவு முழுமையாக நிறைவேறினால் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

முழுமையாக நிறைவேறிவிட்டதா என்றால் இல்லை. 1997-ல் இதே விருதுநகர் மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திர குலத்தவர். அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு, கல்வீச்சு, கலவரம், சாவு. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. போர்டு உத்தரவுக்கும் இதற்கும் நடுவில் கிட்டத்தட்ட எழுபது வருஷம். அப்போது பஸ்ஸுக்குள் ஆளை ஏற்றவில்லை, இப்போது பஸ்ஸின் மேல் பெயரை ஏற்றவில்லை. இந்தப் பகுதியில் பஸ் என்பது போய்ச்சேருகிற வசதி மட்டும் அல்ல, யார் யாருக்குச் சமம் என்று எல்லோரும் பார்க்கும்படி சொல்லிக்கொண்டு ஓடுகிற ஒன்று. இவ்வளவு காலம் கழித்தும் மனிதர்கள் அதற்காக உயிரை எடுக்கத் தயாராக இருந்தார்கள் என்றால், 1928-ல் லைசென்ஸை ரத்துசெய்வேன் என்று எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று புரிகிறது.

சிவகாசியில் சிவன் கோயிலைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன். கோயில் நுழைவுத் தகராறு முற்றித்தான் 1899 கொள்ளையில் போய் முடிந்தது. ஊரில் அச்சகங்களின் நடுவே நடந்துபோனால் அதற்கான அடையாளம் ஒன்றும் கண்ணில் படவில்லை. ராத்திரி ரயிலில் இதை எழுதுகிறேன், ஆட்டத்தில் எழுத்துப்பிழை இருந்தால் நாளைக்குத் திருத்துகிறேன்.

திங்கள்: செங்கல்பட்டு

விடிகாலையில் செங்கல்பட்டு ஜங்ஷன். கொளவாய் ஏரி நிறைந்திருந்தது.

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு இந்த ஊரில் நடந்தது. தலைவர் சௌந்தரபாண்டியனார். பெரியார் அழைத்து உட்காரவைத்தார். ஊரைச் சுற்றி வந்தேன், இரண்டு புத்தகக் கடையில் விசாரித்தேன், ஒரு வயதான வக்கீலிடம் வெகுநேரம் பேசினேன். அவர் மாநாட்டுத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக மனப்பாடமாகச் சொன்னார், கேட்கவே நன்றாக இருந்தது.

பெண்ணுக்கு ஆணோடு சமமாகச் சொத்துரிமை வேண்டும். பெண்ணின் திருமண வயது 16-க்கு மேல் இருக்க வேண்டும். பிடிக்காத கல்யாணத்தை விலக்கிக்கொள்ள உரிமை வேண்டும். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளத் தடை கூடாது. ஆரம்பப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். சாதிப்பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்க வேண்டும். இதெல்லாம் 1929-ல். தமிழ்நாட்டில் சொத்துரிமை சட்டமானது 1989-ல், நாடு முழுக்க 2005-ல். மாநாட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண் தன் பேத்திக்குத்தான் அது கிடைப்பதைப் பார்த்திருக்க முடியும்.

சாதிப்பட்டத் தீர்மானம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் தலைவர் நாற்காலியில் இருந்தவரின் சொந்த இழப்பு இருக்கிறது. அவர் சமூகத்தை அரசு ஏடுகளில் இழிவாகக் கருதப்பட்ட வேறு பெயரில்தான் எழுதிவந்தார்கள். நாடார் என்று எழுத வேண்டும் என்பதற்காகச் சங்கம் வருஷக்கணக்கில் மனு மேல் மனு கொடுத்து, 1921-ல்தான் அரசு ஒத்துக்கொண்டது. பாடுபட்டு வாங்கிய பட்டம். எட்டு வருஷம்கூட ஆகவில்லை, அந்தப் பட்டத்தைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டேன் என்று மாநாட்டுத் தலைவர் அறிவிக்கிறார். பரம்பரையாகப் பட்டம் அனுபவித்தவர் அதைத் துறப்பதும் நல்லதுதான். ஆனால் நேற்றுவரை கிடைக்காமல் இருந்ததை இன்றைக்குக் கையில் வாங்கி, அதைக் கீழே வைக்கிறவரின் மனது வேறு. சங்கத்தில் அவரோடு சேர்ந்து மனு எழுதியவர்கள் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார்கள் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

சுயமரியாதைச் சங்கத்துக்கும் அவரே தலைவர், பெரியார் துணைத்தலைவர். இதைச் சொன்னால் இன்றைக்குப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

வக்கீல் ஐயா வீட்டில் சாப்பிடாமல் விடவில்லை. வெண்டைக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். “நீங்க மாநாட்டைப் பார்க்க வந்தீங்க, ஆனா பஸ்ஸைப் பத்தியே பேசறீங்களே” என்றார். எனக்கு இரண்டும் ஒன்றுதான் ஐயா என்றேன். பந்தலில் சொன்னதை அவர் அதே வருஷம் தன் ஜில்லாவில் செய்துகொண்டிருந்தாரே. தீர்மானம் போட்டவருக்கு நிறைவேற்றுகிற பதவியும் கையில் இருந்த மாதிரி அந்த மாநாட்டில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்?

செவ்வாய்: சென்னை

தியாகராய நகர். நீதிக்கட்சியின் வரைபடம் என்றே இந்தப் பேட்டையைச் சொல்லலாம். ஊருக்குப் பெயர் பிட்டி தியாகராயருடையது, பூங்காவுக்குப் பனகல் அரசருடையது, கடைத்தெருவுக்கு சௌந்தரபாண்டியனாருடையது. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதுதான் சுருங்கிப் பாண்டி பஜார் ஆகிவிட்டது. அகலப்படுத்திய நடைபாதையில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், வளையல் கடையில் பேரம் நடந்துகொண்டிருந்தது. நான்கைந்து கடைகளில் பெயருக்கு உரியவர் யாரென்று கேட்டேன். ஒருவர் பாண்டிச்சேரி என்றார். ஒருவர் பாண்டிய மன்னர் என்றார். பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் மட்டும், “யாருன்னு தெரியாது, நீங்களே சொல்லுங்க” என்றார். சொன்னேன். பஸ் கதையைச் சொன்னதும் கையில் இருந்த நாரை அப்படியே வைத்துவிட்டு, “எங்க ஆயாவெ கூட செருப்பு போட்டுக்கினு நடக்க வுட மாட்டாங்களாம் ஊர்ல” என்று சொல்லி, அவர் ஊர்க் கதையை ஆரம்பித்தார். அரைமணி நேரம் அங்கேயே நின்றேன்.

இந்தத் தெருவில் அவர் வாழ்க்கையைப் பற்றி நாலு வரி எழுதிய பலகை ஒன்றாவது கண்ணில் படும்படி வைக்க வேண்டும். சட்டசபை, மாநாடு என்று நீட்டி எழுத வேண்டாம், பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றவைத்தவர் என்று எழுதினால் போதும்.

பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகம் பக்கம் போனேன். செங்கல் நிறக் கட்டடம், உள்ளே மாகாண அரசின் கோப்புகள். சட்டசபை நடவடிக்கைகள் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன, தேடினால் யார் என்ன கேள்வி கேட்டார் என்பதுவரை கிடைக்கும். ஜில்லா போர்டுகள் 1950-களின் இறுதியில் கலைக்கப்பட்டு ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. போர்டு போட்ட உத்தரவுகள், பஸ் லைசென்ஸ் ஏடுகள், முதலாளிகள் எழுதிய மறுப்புக் கடிதங்கள் இவற்றையெல்லாம் யாராவது பொறுமையாக உட்கார்ந்து தேட வேண்டும். ஆய்வு மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல தலைப்பு.

படிக்கிறவர்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பரமக்குடிப் பக்கம் பழைய வீடுகளில், கணக்குப் பெட்டிக்குள், தாத்தாவின் டைரிக்குள் 1920-களின் தனியார் பஸ் டிக்கெட் ஏதாவது கிடந்தால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். 1928-க்கு முந்தியது ஒன்றும் பிந்தியது ஒன்றும் கிடைத்தால் ரொம்ப நல்லது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடலாம்.